முதல் வண்டி பேசும்

எங்கள் ஆட்டோ ஸ்டாண்டின் பெயர்ப் பலகையில் ‘தலைவர்’ என்ற சொல்லுக்கு நேரே என் பெயர் வரும் என்று பத்தொன்பது வருடம் காத்திருந்தேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு வேப்பமரத்தடியில் பன்னிரண்டு வண்டிகள் நிற்கும் சின்ன ஸ்டாண்டு அது. அங்கே ஓட்டு, தேர்தல் எதுவும் கிடையாது. இருப்பவர்களில் யார் முதலில் வந்து சேர்ந்தவரோ அவர் தலைவர். அவர் போதும் என்று ஒதுங்கும்போது அடுத்த மூத்தவர் அந்த இடத்துக்கு வருவார். எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் வண்டியை விற்றார், ஒருவர் இறந்தார், ஒருவர் திருப்பூருக்குப் போனார். மிச்சம் இருந்தவர் அப்போதைய தலைவர் ஒருவர்தான். அவருக்கும் கண்ணில் புரை விழுந்து, ஆடித்தபசுத் திருவிழா முடிந்ததும் வண்டியை விட்டுவிடப் போவதாகச் சொல்லிவிட்டார்.

கூச்சக்காரனுக்கு எதற்கு இந்த ஆசை என்று கேட்கலாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நான்கு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்துவதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். ஆனால் தலைவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் நிறுத்துவார்கள். எங்கள் தலைவர் ‘இங்க பாருங்கய்யா’ என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வரும்வரை நாங்கள் பதினொரு பேரும் பேசாமல் காத்திருப்போம். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் காத்திருப்புதான். ஒரு தடவையாவது நான் பேசி முடிக்கும்வரை யாராவது பொறுத்திருக்க வேண்டும்.

பாய் எங்கள் ஸ்டாண்டுக்குப் பன்னிரண்டாவது வண்டியாக வந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கடையநல்லூர்க்காரர். பதினான்கு வருடம் வளைகுடாவில் கட்டட வேலை பார்த்துவிட்டு, மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் என்று இங்கே வந்து குடியேறியவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். வந்த முதல் வாரத்திலேயே பூ மார்க்கெட் யாவாரிகளின் பெயரெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் வருவதற்கு முன்னால், சவாரி இல்லாத நேரத்தில் ராயகிரிக்காரன் என் வண்டியின் பின்சீட்டில்தான் வந்து உட்காருவான். ராயகிரியிலிருந்து வந்து இங்கே ஆட்டோ ஓட்டுகிறவன், பதினைந்து வருடப் பழக்கம். செய்தித்தாளைச் சத்தமாக வாசித்து, ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நக்கல் அடிப்பான். நான் சிரிப்பேன். எங்கள் சிநேகம் அவ்வளவுதான், ஆனால் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. பாய் வந்த மூன்றாம் மாதம் அவன் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பாய் வண்டிக்குப் போனான். மறுநாளும் அங்கேதான் போனான். என்னிடம் கோபம் ஒன்றும் இல்லை, பார்த்தால் தலையசைப்பான். நான் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அந்த வண்டியிலிருந்து எத்தனை தடவை சிரிப்புச் சத்தம் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் எங்கோ கடைகளை உடைத்த செய்தியை ‘அராஜகம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ராயகிரிக்காரன் அதை வாசித்ததும் பாய் சிரித்தார்.

“இதுக்கு அந்தப் பேரு வைக்கக் கூடாது வே. அராஜகத்துக்கு இங்கிலீசுல அனார்க்கிம்பான். அனார்க்கிசம்னு ஒரு கொள்கையே இருக்கு. அது கடையை உடைக்கது இல்ல. ஒருத்தன் இன்னொருத்தனை ஏவுததுக்கு என்ன உரிமைன்னு கேக்குத கொள்கை.”

“அப்ப கவர்மெண்டு வேண்டாங்கீரு?”

“கவர்மெண்டு, முதலாளி, மேல்சாதி, எவனா இருந்தாலும் சரி. மேல உக்காந்திருக்கவன்தான், நான் எதுக்கு மேல இருக்கேன்னு பதில் சொல்லணும். பதில் சரியில்லன்னா இறங்கிறணும்.”

“இறங்கலன்னா?”

“நாம தூக்கிக்கிட்டு நிக்கதை நிறுத்திருவோம்.”

“சரிதான். எவன் எவனை வெட்டுனாலும் கேக்க ஆளிருக்காது.”

“ஒழுங்கு வேண்டாம்னு ஆரு சொன்னா? மேலயிருந்து வார ஒழுங்கு வேண்டாங்கு அந்தக் கொள்கை. நமக்குள்ள பேசி வச்சிக்கிடுத ஒழுங்கு போதும். இந்தா நிக்கமே வரிசையா, இதை எந்தப் போலீசு வந்து போட்டாரு? முதல்ல வந்தவன் முதல்ல போறான். எவனும் இடையில நுழையல. நுழைஞ்சா பதினொரு பேரும் அவன்கிட்ட முகங்கொடுத்துப் பேச மாட்டோம், அம்புட்டுதான். அதுக்குப் பயந்தே எவனும் நுழையல.”

வளைகுடாவில் ஒரே அறையில் பதினாறு பேர் இருந்தார்களாம். சமையல், கக்கூஸ் கழுவுவது, நோயாளியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் முறை வைத்து நடக்குமாம். அறைக்குத் தலைவன் கிடையாது. அந்த அறையில் இருந்த ஒரு மலையாளிதான் இந்தக் கொள்கையைப் பற்றிய புத்தகங்களைப் படித்துப் படித்து இவருக்குச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு வண்டி தள்ளி உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது சரி என்று பட்டது. அதுதான் எனக்கு எரிச்சல். அந்த வரிசையில் பத்தொன்பது வருடம் நின்றவன் நான். அதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கிறது என்று நேற்று வந்தவர் சொல்ல வேண்டியிருக்கிறது. ராயகிரிக்காரன் அதற்குமேல் நக்கல் அடிக்கவில்லை. வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

தபசு முடிந்த மறுவாரம், மதியம் சவாரி குறைந்த நேரத்தில் வேப்பமரத்தடியில் கூடினோம். மனைவி காக்கிச்சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்திருந்தாள். சொல்ல வேண்டிய நான்கு வாக்கியங்களை, வண்டி காலியாகத் திரும்பும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். தலைவர் எழுந்து, “எனக்குப் பொறவு யாருன்னு ஒங்களுக்கே தெரியும்” என்று என்னைப் பார்த்தார். என் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“தலைவரே, ஒரு சந்தேகம்,” என்றார் பாய். “நமக்குத் தலைவர் எதுக்கு?”

குதர்க்கமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். எல்லாரும் யோசிக்க ஆரம்பித்தார்கள். குடிதண்ணீர்க் கேன் வாங்கி வைப்பது முறைப்படி நடக்கிறது. சண்டை வந்தால் எல்லாரும் சேர்ந்துதான் விலக்குகிறோம். மிச்சம் இருப்பது, வெளியிலிருந்து யாராவது வந்தால் பேசுவது.

“அதுக்கு ஆள் வேணும்லா?” என்றான் ராயகிரிக்காரன்.

“அந்த நேரத்துல முதல் வண்டி யாரோ அவுக பேசட்டும். ஆனா சொந்தமா முடிவெடுக்கக் கூடாது. வந்த சேதியை நம்ம எல்லார்ட்டயும் சொல்லணும். நாம சொன்னதைத் திருப்பிப் போய்ச் சொல்லணும். நாளைக்கு வேற ஆளு முதல் வண்டி.”

அது எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அரைமணி நேரத்தில் முடிந்தது. பலகையில் பெயர்கள் வேண்டாம், வெள்ளையடித்து ஸ்டாண்டு பெயரை மட்டும் எழுதினால் போதும் என்றார்கள். கடைசியில்தான் பாய்க்கு என் நினைவு வந்தது.

“அண்ணாச்சிக்கு ஒண்ணும் வருத்தமில்லயே? முறைப்படி பாத்தா ஒங்க முறைல்லா இது.”

பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசுவதற்காக அவர்கள் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. “எனக்கென்ன,” என்றேன்.

வீட்டில் நுழைந்ததும் மனைவி கேட்டாள். “என்னங்க, போர்டுல பேரு எழுதியாச்சா?”

“பேரே வேண்டாம்னுட்டாங்க.”

“ஆரு?”

“பாய்.”

“அவருக்கு ஒங்க மேல என்ன கோவம்?”

“கோவமெல்லாம் இல்லட்டி. கொள்கை.”

“இம்புட்டு வருசம் இல்லாம, ஒங்க முறை வரும்போதுதான் கொள்கை வந்துச்சாக்கும்? இளையரசனேந்தல்ல எங்க அண்ணன் வீட்டுல வேற சொல்லி வச்சிருக்கேன். இப்ப என்னன்னு சொல்ல? கொள்கை வந்துட்டுன்னா?”

அந்தச் சட்டையை அன்றிரவே துவைத்துப் போட்டுவிட்டாள்.

அதன்பிறகு அந்த ஏற்பாடு கெட்டுப்போக வேண்டும் என்று நான் காத்திருந்தேன். கெடவில்லை. முதல் வண்டி யாரோ அவர் பேசினார். வாய் துடுக்கான ஒருவர், தான் முதல் வண்டியாக இருக்கும்போது தணிந்து பேசினார். தன் பேச்சுக்கு மற்றவர்களிடம் பதில் சொல்ல வேண்டும் என்பது அவரை அப்படி ஆக்கியிருக்கலாம். நான் மட்டும், எனக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி இருக்கிறபோது டயரில் காற்றுப் பார்ப்பது போல இறங்கி, பின்வண்டிக்காரரை முன்னால் போகச் சொல்லிவிடுவேன். தலைவராகப் பேச ஆசைப்பட்டவனுக்கு முதல் வண்டியாகப் பேசப் பயமாக இருந்தது.

பின்சீட்டில் யாரும் இல்லாததால் யோசிப்பதற்கு நேரம் நிறையக் கிடைத்தது. பாயின் கொள்கையில் ஓர் ஓட்டை இருப்பதாக எனக்குத் தோன்றியது. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம், நல்லதுதான். ஆனால் அப்படி உட்கார்ந்தால் பேசத் தெரிந்தவன் சொல்வதுதான் முடிவாகிறது. பதவி என்று ஒன்று இருந்தால் வாய் வராதவனும் முறைப்படி ஒருநாள் அதில் ஏறலாம். அதையும் எடுத்துவிட்டால் என்னைப் போன்றவனுக்கு என்ன மிச்சம்? பாய் தலைவர் பதவியை ஒழிக்கவில்லை, பெயர் இல்லாமல் அவரே அதில் உட்கார்ந்துகொண்டார் என்று நினைத்தேன். இது பொறாமையில் பிறந்த யோசனை என்று எனக்குத் தெரியும். பொறாமையில் பிறந்ததாலேயே அது தப்பாகிவிடாது என்றும் நினைத்துக்கொண்டேன். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஸ்டாண்டுக்கு எதிரே ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடை கட்டி முடிகிற கட்டத்தில் இருந்தது. தீபாவளிக்குத் திறப்பதாக இருந்தார்கள். ஒருநாள் காலை நான் ஏமாந்தவாக்கில் முதல் வண்டியாக நின்றபோது, அதன் மேனேஜர் ரோட்டைக் கடந்து நேராக என்னிடம் வந்தார். வெளியூர்க்காரர்.

“இந்த ஸ்டாண்டுக்குத் தலைவர் யாருங்க?”

அதற்கு நாங்கள் பேசி வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. தலைவர் கிடையாது, முதல் வண்டி நான், விஷயத்தைச் சொல்லுங்கள், எல்லாரிடமும் சொல்கிறேன். இதை ராயகிரிக்காரன் எத்தனையோ தடவை சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

“நான்தான்,” என்றேன்.

எவ்வளவு எளிதாக வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. அவர் என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். ஏசி அறை. இரண்டே நாற்காலி. “தலைவர் காபி சாப்பிடுவீங்கள்ல?” என்றார். ஒரு பொன்னாடையை எடுத்து என் தோளில் போட்டார். பிறகு கம்ப்யூட்டரில் அடித்த ஒரு காகிதத்தை முன்னால் வைத்தார். “நிதானமாப் படிங்க தலைவரே. அவசரமே இல்ல.”

நான் வாசிக்கும்போது உதடு அசையும். ஐந்தாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். தலைவர் என்று ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் உதட்டை அசைத்து வாசிக்க எனக்குக் கூச்சமாகிவிட்டது. கண்ணை மட்டும் காகிதத்தின் மேலிருந்து கீழே ஓட்டினேன். தெரியாமல் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். ‘ரயில்வே கேட்டுக்கு அப்பால் உள்ள சந்து’ என்ற சொற்களைப் பார்த்தேன். ‘ஸ்டாண்டை மாற்றிக்கொள்ள முழு சம்மதம்’ என்பதையும் பார்த்தேன். ஆனால் அதற்கெல்லாம் கீழே, கையெழுத்துப் போடுகிற கோட்டுக்கு அடியில் ‘தலைவர்’ என்று அச்சாகியிருந்தது. அங்கே போட்டேன்.

பொன்னாடையைச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் கரிவலம்வந்தநல்லூருக்குச் சவாரி போய்விட்டுத் திரும்பினால், யாரும் வண்டியில் இல்லை. எல்லாரும் மரத்தடியில் நின்றார்கள். ராயகிரிக்காரன் கையில் அந்தக் காகிதத்தின் நகல் இருந்தது.

“வாரும் வே தலைவரே,” என்றான். “கடைக்கு வார காரெல்லாம் நிக்கணும், ஸ்டாண்டை எப்ப காலி பண்ணுதியன்னு கடையிலருந்து ஆள் வந்து கேக்கான். எங்களுக்கு ஏதுடே தலைவருன்னு கேட்டேன். இந்தா இருக்காருன்னு ஒம்ம கையெழுத்தைக் காட்டுதான். எம்புட்டு வே குடுத்தான்?”

“துட்டு ஒண்ணும் வாங்கல.”

“துட்டும் வாங்கலயா? பொறவு எதுக்கு வே போட்டீரு?”

நான் சீட்டைத் தூக்கிப் பொன்னாடையை எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்ததும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“விடுங்கய்யா,” என்றார் பாய். “அண்ணாச்சி போட்டது அண்ணாச்சி கையெழுத்து. அது நம்மளைக் கட்டாது. ஒரு ஆளைப் பிடிச்சா எல்லாரையும் பிடிச்சாச்சுன்னு அவன் நினைக்கான்…”

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. “நீங்க பேசாதிய,” என்றேன். கத்திவிட்டேன் போல. ரோட்டில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். “தலைவர் இல்ல, தலைவர் இல்லன்னு சொல்லுதிய. நீங்கதான தலைவரு? இங்கன எது நடந்தாலும் எல்லாரும் ஒங்க வாயைத்தான பாக்காங்க? இந்த ஒரு வருசத்துல நான் என்ன பேசியிருக்கேன்? ஒருத்தராவது கேட்டியளா? அவன் ஒருத்தன்தான் என்னை உக்கார வச்சுக் கேட்டான். அதான் போட்டேன்.”

பாய் முகத்தில் இரத்தமே இல்லை.

“அது உள்ளதுதான்,” என்றான் ராயகிரிக்காரன், நகலை மடித்துக்கொண்டே. “நானே பாய் என்ன சொல்லுவாருன்னுதான் பாக்கேன்.”

“உள்ளதுதான்,” என்றார் பாயும். “நான் கவனிக்கல. இனிமே எல்லாரும் ஒரு சுத்துப் பேசுன பொறவு நான் பேசுதேன்.” அப்படியே தள்ளிப்போய் வண்டியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டார். பத்தொன்பது வருடமாக நான் ஏங்கிக்கொண்டிருந்ததை அவர் ஒரு நிமிடத்தில் கீழே வைத்துவிட்டுப் போனார். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் பதினொரு பேரும் கடைக்குப் போனோம். “யாராவது ஒருத்தர் உள்ள வாங்க, பேசலாம்,” என்றார் மேனேஜர்.

“ஒருத்தர் வந்ததுதான் கோளாறு,” என்றான் ராயகிரிக்காரன். “எல்லார்ட்டயும் பேசுங்க.”

நாற்காலி இரண்டுதான் என்பதால் பிரிக்காத சேலைப் பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தோம். ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர் தான் இடம் மாற முடியாது என்பதற்குக் காரணம் சொன்னார். இன்னொருவர், உங்கள் கடைக்கு வருகிறவர்கள் சேலைப் பையோடு எங்கள் வண்டியில்தானே ஏறுவார்கள் என்று கேட்டார். யாரைத் தனியே பிடித்து மடக்குவது என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “சம்மதம் வாங்கிட்டேன்னு எங்க முதலாளிகிட்ட சொல்லிட்டேங்க. இப்ப நான் என்ன சொல்ல?” என்றார். அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார்.

என் முறை வந்தது. “நான் போட்ட கையெழுத்து என்னைக் கட்டும்,” என்றேன். “நான் மட்டும் அந்தச் சந்துக்கு மாறிக்கிடுதேன். ஒருத்தன் மாறிட்டான்னு ஒங்க முதலாளிகிட்ட சொல்லுங்க.”

வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள். பாய் கடைசியில்தான் சொன்னார். நான் கேட்கவில்லை.

மறுநாள் ரயில்வே கேட்டுக்கு அப்பால் தனியாக நின்றேன். காலையிலிருந்து இருட்டும்வரை இரண்டே சவாரி. அதற்கு மறுநாள் காலை என் வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்றது. கண்ணாடியில் பார்த்தால் பாய்.

“எதுக்கு வந்திய?”

“முறை வச்சிருக்கோம் அண்ணாச்சி. தெனம் ஒரு வண்டி இங்கன வந்து நிக்கும். நேத்து ஒரு சுத்துப் பேசி முடிவு பண்ணுனாங்க. நீங்க இல்லாமப் பேசுனது தப்புதான். வேண்டாம்னா சொல்லுங்க, போய்ச் சொல்லிருதேன்.”

“முதல் முறை ஏன் ஒங்களுக்கு?”

“சீட்டுப் போட்டாங்க. எனக்கு விழுந்துச்சு.”

யாராவது வருவார்கள் என்று இரவெல்லாம் எதிர்பார்த்தவன் நான். ராயகிரிக்காரன் வந்திருந்தால் என்ன என்று இருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவர் வண்டிக்குள் உட்கார்ந்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். உதடு அசையவில்லை.

பதினொரு மணிக்கு ரயிலில் வந்த ஒரு குடும்பம், ஒன்பது பேர், கரிவலம்வந்தநல்லூரில் ஒரு வீட்டுச் சடங்குக்குப் போக வேண்டும் என்றார்கள். இரண்டு வண்டியிலும் ஏற்றிப் போனோம். திரும்பும்போது நான் பெட்ரோல் போட நின்றதில் அவர் முந்திவிட்டார். நான் வந்து சேரும்போது சந்தின் முகப்பில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திக்கொண்டு, கையை நீட்டி என்னை முன்னால் போகச் சொன்னார்.

“முன்னால போங்க அண்ணாச்சி.”

“நீங்கதான முதல்ல வந்திய?”

“அதனால என்ன? ஒங்க இடம்லா இது.”

“என் இடம் ஒன் இடம்னு ஒண்ணும் கிடையாது,” என்றேன். கோபத்தில் மரியாதைகூட விட்டுப்போயிற்று. “முதல்ல வந்த வண்டி முதல்ல நிக்கணும். பத்தொன்பது வருசமா நான் எவனையும் முந்தி நின்னதில்ல. இப்ப ஒங்களுக்காக முந்தணுமாக்கும்? போங்க முன்னால.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு வண்டியை எடுத்து முன்னால் போய் நிறுத்தினார். நான் அவருக்குப் பின்னால் நிறுத்தினேன். அந்தச் சந்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மார்க்கெட் கூடையோடு ஓர் அம்மா என் வண்டிக்கு நேராக வந்தாள். முன்னால் நின்ற வண்டியைக் கைகாட்டினேன். அவள் போய் ஏறிக்கொண்டாள். பாய் போனதும் வண்டியை முன்னால் நகர்த்தி நிறுத்தினேன்.